பதினேழாவது போர்டு

ஹாமர்ஃபெஸ்டில் சூரியன் கடைசியாகத் தலைகாட்டி
பன்னிரண்டு நாள்.
மீனவர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்
ஆறு மேசை, இருபத்துநாலு பேர்,
காப்பியும் ஈரக் கம்பளிக் கையுறையும் கலந்த வாடை.

என் இடம் கிழக்கு.
எதிரே மேற்கில் ஓட்வார்.
பதினோரு வருஷமாக அவனோடு ஆடுகிறேன்;
இதுவரை அவன் பேசியதையெல்லாம் சேர்த்தாலும்
ஒரு தபால்கார்டு நிரம்பாது.

முதல் பையிலிருந்து பதிமூன்று சீட்டை உருவினேன்:
ஒரு ராணி, அவளும் துணையில்லாமல்.
இரண்டாவதில் இரண்டு ஜாக்கி.
மூன்றாவதில் ராஜா ஒருவன் வந்தான்.
அவன் முதுகுக்குப் பின்னாலேயே
ஆஸ் உட்கார்ந்திருந்தது.

துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவள் நான்.
கணக்கு எழுதாமல் கை நிற்காது.
ஆஸுக்கு நாலு, ராஜாவுக்கு மூணு, ராணிக்கு ரெண்டு, ஜாக்கிக்கு ஒண்ணு.
ஸ்கோர் அட்டையின் ஓரத்தில்
பென்சிலால் கூட்டிக்கொண்டே வந்தேன்.
பத்து வரவேண்டிய இடத்தில் நாலு.
பத்து வரவேண்டிய இடத்தில் ஆறு.
பாஸ். பாஸ். பாஸ்.
ஏலத்தில் காசில்லாதவள்
கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்புவது போல.

பிறகு பதினேழு.
ஸ்பேடில் எட்டு, ஆறு, நாலு, ரெண்டு.
டைமனில் எட்டு, ஏழு, ஐந்து, நாலு, ரெண்டு.
கிளாவரில் ஆறும் நாலும்.
ஆட்டினில் ஒன்பதும் மூன்றும்.
ஒரு முகம்கூட இல்லை.
ஆள் நடமாட்டமே இல்லாத பதிமூன்று சீட்டு.

தெற்கில் பல் டாக்டர் ஹல்வார்ட்
நாலு ஆட்டின் கேட்டு எடுத்தார்.
ஓட்வார் ஸ்பேடு ஆஸை இறக்கினான். பிடி.
கிளாவர் ஆஸ். பிடி. கிளாவர் ராஜா. பிடி.
அப்புறம், ராணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு,
கிளாவர் ரெண்டைப் போட்டான்.
என்னிடம் கிளாவர் தீர்ந்துவிட்டது. வெட்ட வேண்டும்.
வெட்டினேன், மூன்றால்.
குப்பையில் பெரிய குப்பை என்ன, சின்னக் குப்பை என்ன?
ஹல்வார்ட் அதன்மேல் ஐந்தால் வெட்டி,
துருப்பை மூன்று சுற்று இழுத்து,
மிச்சத்தை மேசையில் விரித்துக் காட்டினார்.
ஓட்வார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
நெடுநேரம் துடைத்தான்.

சீட்டைக் கலைக்காத ஆட்டம் இது.
பிரித்தது பிரித்தபடி பையில் செருகி
அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும்.
என் கைச்சூடு ஆறுமுன்
என் தரித்திரம் இன்னொருத்தி கைக்குப் போகும்.
கிழக்கில் உட்கார்ந்த ஆறு பேருக்கும்
அதே எட்டு, அதே ஆறு, அதே நாலு.
என் எதிரே உட்காருபவர் என் போட்டியாளர் அல்ல.
என் போட்டியாளரோடு நான்
ஒருமுறைகூட ஆடப்போவதில்லை.

கோட் மாட்டும் இடத்தில்
ஒரு காலை பூட்ஸுக்குள் நுழைத்தபடி தூருன் கேட்டாள்:
"பதினேழு பார்த்தாயா? என்ன கை!"
"கையா அது? கழுவிவைத்த தட்டு" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"ஒன்பது இருந்ததே!" என்றாள்.
"ஒன்பதால் வெட்டினேன்.
ராணியைக் கொடுக்காமல் அந்த ஆளால் மேலே வரமுடியவில்லை.
என் ஜோடியிடம் ஜாக்கி, பத்து, ரெண்டு.
படுத்துக்கிடந்த ஜாக்கி
எழுந்து உட்கார்ந்துவிட்டான்!"
சொல்லிவிட்டு இன்னொரு பூட்ஸைத் தேடினாள்.

அட்டையைக் கூட்டிப் பார்த்தேன்:
இருபத்துநாலு கைக்கு நூற்றி எழுபத்தொன்று.
அவளுக்கும் நூற்றி எழுபத்தொன்றுதான்.

காரின் முன்கண்ணாடியில் உறைந்த பனியை
ஓட்வார் சுரண்டிக்கொண்டிருந்தான்.
பாலம் தாண்டியபிறகு வாயைத் திறந்தான்.
"ஒன்பது."
"தெரியும்" என்றேன்.

வீட்டில் எய்லிஃப் சூப்பைச் சுடவைத்தபடி
எப்படிப் போனது என்றான்.
"சீட்டே வரவில்லை" என்றேன்.
"அதிர்ஷ்டக்கட்டை நான். கணக்கைப் பார்"
என்று அட்டையை நீட்டினேன்,
பதினேழாவது வரியை மட்டும்
கட்டைவிரலால் மறைத்தபடி.